வாயில்லா ஜீவனுக்கும் வேண்டும் துல்லியக் கதிர்வீச்சு

கதிர்வீச்சுப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் உறவினர்கள் எங்களிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் உணவு, உறக்கம், செலவு, மறுநாள் வர வேண்டிய நேரம் ஆகியவற்றைப் பற்றியவையாக இருக்கும். சில மாதங்களுக்கு முன்னர் ஒரு பெரியவர் வேறொரு கேள்வியைக் கேட்டார். அவருடைய மனைவிக்கு எங்களிடம் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. அவர்கள் வீட்டில் வயதான நாய் ஒன்று இருந்தது. அதன் மூக்கின் ஒரு பக்கத்திலிருந்து வாரக்கணக்கில் இரத்தம் கசிந்திருக்கிறது. சளி என்று நினைத்து மருந்து கொடுத்துப் பார்த்து, பின்னர் பரிசோதித்தபோது மூக்கினுள் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரியவந்தது. "இவளுக்கு வைக்கிற இதே கரண்டை அவனுக்கும் வைக்க முடியாதா டாக்டர்?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, மனிதர்கள் வரிசையில் காத்திருக்கும் இடத்தில் இதைக் கேட்டிருக்கக் கூடாதோ என்று அஞ்சியவர்போல் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார்.

எங்கள் கருவியில் விலங்குகளுக்குச் சிகிச்சை அளிப்பதில்லை என்று அன்று சொன்னோம். அது உண்மையான பதில். ஆனால் முழுமையான பதில் அன்று. அவர் கேட்டதில் வெட்கப்பட ஏதுமில்லை என்பதையும், அந்தக் கேள்விக்கு நம் நகரம் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதையும் இந்த இதழில் எழுத விரும்புகிறோம்.

நோயும் ஒன்று, கதிரும் ஒன்று

நாய்க்கும் பூனைக்கும் வரும் புற்றுநோய் நமக்கு வருவதைப் போன்றதே. உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. அருகிலுள்ள திசுக்களில் ஊடுருவுகின்றன. சில வேளைகளில் நுரையீரலுக்கோ பிற உறுப்புகளுக்கோ பரவுகின்றன. கதிர்வீச்சு அவற்றின் மரபணுப் பொருளைச் சேதப்படுத்தி, அவை மேலும் பெருகாதபடி தடுக்கிறது. இந்த அடிப்படை மனிதருக்கும் விலங்குக்கும் பொதுவானது.

ஆகவே விலங்குகளுக்குக் கதிர்வீச்சு அளிப்பது நேற்று முளைத்த எண்ணம் அன்று. ரோன்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தது 1895 இல். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஐரோப்பியக் கால்நடை மருத்துவர்கள் அதைச் சிகிச்சைக்குப் பயன்படுத்திப் பார்த்தனர். பின்னர் அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் போன்ற கால்நடை மருத்துவ நிலையங்கள் இதைத் தனித் துறையாகவே வளர்த்தன. இன்று அங்கெல்லாம் நாய்களுக்கும் பூனைகளுக்கும் பயன்படுவது, நீங்கள் எங்கள் சிகிச்சை அறையில் பார்க்கும் அதே 'லினாக்' எனப்படும் நேரியல் முடுக்கிதான்.

எல்லாப் புற்றுநோய்க்கும் இது தீர்வாகாது. உடல் முழுவதும் பரவும் நிணநீர்ப் புற்றுநோய்க்கு மருந்துகளே முதன்மைச் சிகிச்சை. எளிதில் வெட்டியெடுக்கக்கூடிய கட்டிக்கு அறுவை சிகிச்சையே போதும். கத்தி எட்டாத இடத்திலோ, வெட்டினால் பெரும் ஊனம் விளையும் இடத்திலோ கட்டி இருக்கும்போதுதான் கதிர்வீச்சின் அருமை தெரிகிறது. மூக்கினுள் வளரும் கட்டி, மூளையை மூடிய சவ்வில் தோன்றும் கட்டி, வாய்க்குள் வரும் சில கட்டிகள், அறுவை சிகிச்சைக்குப் பின் ஓரங்களில் எஞ்சிநிற்கும் புற்றணுக்கள் ஆகியவை இவ்வகையில் அடங்கும். பெரிய இன நாய்களின் கால் எலும்பில் வரும் புற்றுநோயில், குணப்படுத்த இயலாத நிலையிலும், ஒரு சில முறை கதிர்வீச்சு கொடுத்தால் பெரும்பாலான நாய்களுக்கு வலி தணிகிறது. வலி தணிந்த நாய் மீண்டும் காலை ஊன்றி நடக்கிறது.

துல்லியம் ஏன் இங்கே இன்றியமையாதது?

உங்களில் பலர் அந்தச் சிகிச்சை மேசையில் படுத்திருக்கிறீர்கள். தலைக்கோ கழுத்துக்கோ சிகிச்சை பெற்றவர்களுக்கு, முகத்தோடு ஒட்டி இறுகும் வலைபோன்ற அந்த முகமூடி நினைவிருக்கும். "அசையாமல் இருங்கள்" என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். நீங்களும் மூச்சைக்கூட அளந்து விட்டபடி அசையாமல் இருப்பீர்கள். சிகிச்சையின் பாதி வெற்றி உங்கள் ஒத்துழைப்பில் இருக்கிறது.

நாயிடம் இதைச் சொல்ல முடியாது. எவ்வளவு அடக்கமான நாயாக இருந்தாலும், ஆளில்லாத அறையில் தன்னைச் சுற்றிச் சுழலும் இயந்திரத்தின் கீழ் அது அசையாமல் கிடக்காது. எனவே ஒவ்வொரு முறையும் அதற்கு முழு மயக்கம் கொடுத்தாக வேண்டும். மயக்கத்திற்கு முன்னர் வெறும் வயிறு வேண்டும். மயக்கத்தின்போது இதயத்துடிப்பையும் மூச்சையும் கண்காணிக்க ஒருவர் வேண்டும். தெளிந்தெழும் வரை அருகில் ஆள் இருக்க வேண்டும். பழைய முறையில், குணப்படுத்தும் நோக்குடன் கதிர்வீச்சு அளிப்பதென்றால் வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் ஏறத்தாழ 15 முதல் 20 முறை கொடுக்க வேண்டும். வயதான ஒரு நாய்க்கு மூன்று, நான்கு வாரங்களுக்குள் 20 மயக்கம் என்பதை எண்ணிப் பாருங்கள். அதன் சிறுநீரகமும் இதயமும் எந்த நிலையில் இருக்கின்றனவோ!

குடும்பத்தின் பாடும் சிறியதன்று. தாம்பரத்திலிருந்து எழும்பூர்வரை ரயில் பாதையில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர். நோயுற்ற நாயைக் கூட்டமான மின்சார ரயிலில் ஏற்றிச் செல்ல இயலாது. பெருங்களத்தூரிலிருந்தோ மேடவாக்கத்திலிருந்தோ நகரின் நடுப்பகுதிக்குத் தினமும் வண்டி பிடித்து, குரோம்பேட்டை, பல்லாவரம், கிண்டி நெரிசலைக் கடந்து போய், மாலையில் திரும்பி, மறுநாள் மீண்டும் புறப்பட வேண்டும். ஒரு மாதம் இப்படி விடுப்பெடுக்கக் கூடியவர் எத்தனை பேர்?

துல்லியக் கதிர்வீச்சு இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. முதலில் விலங்கை மயக்கத்தில் வைத்து, அதன் உடலுக்கேற்பப் படியும் வெற்றிட மெத்தையிலும், பற்களால் கவ்வி நிற்கும் அச்சிலும் பொருத்தி சி.டி. ஸ்கேன் எடுக்கின்றனர், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் சேர்கிறது. அந்தப் படங்களில் கட்டியின் எல்லையையும், அருகிலுள்ள கண், மூளை, நரம்பு ஆகியவற்றின் எல்லைகளையும் அடுக்கடுக்காக வரைகின்றனர். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு கதிர் செல்ல வேண்டும் என்பதை மருத்துவ இயற்பியலாளர் கணக்கிடுகிறார். சிகிச்சைக்குச் சற்று முன்னர், மேசையில் கிடத்திய நிலையிலேயே மீண்டும் ஒரு படம் எடுத்து, திட்டத்தோடு ஒப்பிட்டு, மில்லிமீட்டர் அளவில் இடத்தைச் சரிசெய்கின்றனர். பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் கட்டியில் ஒன்றுகூடுகின்றன. கட்டியின் விளிம்பைத் தாண்டியதும் கதிரின் அளவு செங்குத்தாகக் குறைகிறது. அருகிலுள்ள நல்ல திசுக்கள் இவ்வாறு காக்கப்படுவதால் ஒவ்வொரு முறையும் அதிக அளவில் கதிர் கொடுக்க முடிகிறது. 20 முறை கொடுத்ததை ஒன்று முதல் ஐந்து முறைக்குள், பெரும்பாலும் மூன்றே முறையில், முடித்துவிடலாம்.

20 மயக்கம் மூன்றாகக் குறைகிறது. 20 பயணம் மூன்றாகக் குறைகிறது. மனிதர் மருத்துவத்தில் துல்லியம் என்றால் பக்கவிளைவு குறைவு என்று பொருள் கொள்கிறோம். விலங்கு மருத்துவத்திலோ, சிகிச்சையைச் செய்ய முடியுமா முடியாதா என்பதையே அது தீர்மானிக்கிறது. இதனை வசதி படைத்தோரின் ஆடம்பரம் என்று ஒதுக்குவோர் இந்தக் கணக்கைக் கருத வேண்டும்.

வாக்குறுதியின் எல்லை

ஆனால் ஆசை காட்டி மோசம் செய்யும் எழுத்து நோயாளிகள் படிக்கும் இதழுக்குத் தகாது. மூக்கினுள் புற்றுநோய் வந்த நாய், சிகிச்சை ஏதுமின்றி விட்டால், பொதுவாக மூன்று மாதங்கள் அளவே வாழ்கிறது. கதிர்வீச்சு பெற்றால் பல நாய்கள் ஓராண்டளவு, சில அதற்கு மேலும் வாழ்கின்றன. முற்றிலும் குணமடைவது அரிது. ஒரு நாயின் ஆயுளில் ஓராண்டு என்பது சிறிதன்று என்றாலும், அது ஓராண்டுதான் என்பதை வீட்டார் முன்னரே அறிந்திருக்க வேண்டும்.

பக்கவிளைவுகளும் உண்டு. தோல் சிவந்து புண்ணாகலாம். வாயில் புண் வரலாம். முடி உதிர்ந்து, மீண்டும் முளைக்கும்போது வெள்ளையாக முளைக்கலாம். கண் அருகில் சிகிச்சை நடந்தால் பிற்காலத்தில் கண்புரையோ கண் வறட்சியோ வரக்கூடும். ஒவ்வொரு முறையும் அதிக அளவு கொடுக்கும் முறையில், மாதங்கள் கழித்து எலும்போ தோலோ அழுகும் ஆபத்தும் சிறிதளவு இருக்கிறது. அதனால் துல்லியக் கருவி வாங்கினால் மட்டும் போதாது. எந்தக் கட்டிக்கு எந்த முறை, எந்த விலங்குக்கு எதுவுமே வேண்டாம் என்று அறிந்து சொல்லும் பயிற்சி பெற்ற கால்நடை மருத்துவர் வேண்டும்.

"மனிதனுக்கே இடமில்லை" என்போருக்கு

கதிர்வீச்சுக்காக மனிதர்கள் காத்திருக்கும் நாட்டில் நாய்க்கும் பூனைக்கும் லினாக் கேட்பதா என்று சிலர் சினம் கொள்ளக்கூடும். அந்தச் சினம் நியாயமற்றதென்று நாங்கள் சொல்லமாட்டோம். எங்கள் நோயாளிகளின் வரிசையை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாங்கள்.

நாங்கள் கேட்பது மனித நோயாளியின் நேரத்தை அன்று. கால்நடை மருத்துவத்திற்கென அரசும் சமூகமும் ஏற்கெனவே செலவிடும் பணத்தில், புற்றுநோய்க்கு உரிய பங்கைத்தான் கேட்கிறோம். அதன் பலன் மனிதருக்கும் திரும்பி வருகிறது. நாய்க்கு வரும் எலும்புப் புற்றுநோய் மனிதச் சிறாருக்கு வருவதை நெருங்கி ஒத்திருக்கிறது. காலை வெட்டாமல் புற்று எலும்பை மட்டும் நீக்கும் அறுவை முறை செம்மைப்பட்டதில், கொலராடோவில் நாய்களுக்குச் செய்த சிகிச்சைகளின் அனுபவத்திற்கும் பங்குண்டு. நம் வீட்டில் நம் காற்றைச் சுவாசித்து, நம் தண்ணீரைக் குடித்து வாழும் உயிர்கள் அவை. அவற்றின் நோயை முறையாகப் பதிவு செய்து சிகிச்சை அளித்தால், நம் நோயைப் பற்றியும் கற்றுக்கொள்வோம்.

இன்னொன்றையும் இந்தக் கூடத்தில் கண்டிருக்கிறோம். தனித்து வாழும் முதியவர்களுக்கும், நீண்ட சிகிச்சையில் இருப்போருக்கும், வாசலில் காத்திருக்கும் அந்த உயிர்தான் மாலையில் வீடு திரும்பும் ஆவல். அதன் நோய் அந்த வீட்டின் இரண்டாவது நோயாகிவிடுகிறது.

சென்னையின் இரு மரபுகள்

கதிர்வீச்சுச் சிகிச்சையில் சென்னைக்கு நீண்ட வரலாறு உண்டு. பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியக்க நிலையம் 1934 இல் திறக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் அடையாறு புற்றுநோய் நிலையம் எழுந்தது. அந்தப் பத்தாண்டிலேயே அங்கே கோபால்ட் கருவி இயங்கத் தொடங்கியது. 2019 இல் நமது தென்பகுதியிலேயே, தரமணியில், புரோட்டான் சிகிச்சை மையமும் வந்துவிட்டது. மருத்துவ இயற்பியலைப் பாடமாகக் கற்பிக்கும் அண்ணா பல்கலைக்கழகம் கிண்டியில் இருக்கிறது.

கால்நடை மருத்துவத்திலும் நம் வரலாறு குறைந்ததன்று. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903 இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, பின்னர் வேப்பேரிக்குப் பெயர்ந்தது. அது 1936 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1989 இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவானது. இன்றும் தாம்பரத்தில் ஒரு நாய்க்கு உள்ளூர் மருத்துவரால் தீர்க்க முடியாத நோய் வந்தால், "வேப்பேரிக்குக் கொண்டு போங்கள்" என்பதே நம் வழக்கு.

இவ்விரு மரபுகளும் வேப்பேரியில் கைகோக்க வேண்டும் என்பதே எங்கள் கருத்து. படம் பார்த்துக் குறிவைக்கும் வசதியுள்ள ஒரு லினாக், அதற்குரிய தடித்த கான்கிரீட் அறை, மயக்கவியல் அறிந்த கால்நடை மருத்துவர், மருத்துவ இயற்பியலாளர், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி ஆகியவை கொண்ட ஒரு பிரிவு, பொதுமக்கள் எட்டக்கூடிய கட்டணத்தில் நிலைபெற வேண்டும். அது தனியார் கையில் மட்டும் வளர்ந்தால், பணம் உள்ளவர் வீட்டு நாய்க்கு மட்டுமே கிட்டும்.

தெருநாயும் இதில் அடங்கும் என்பதை வலியுறுத்துகிறோம். நம் தெருக்களில் நாய்களின் பிறப்புறுப்பில் காலிஃபிளவர் போன்று வளர்ந்து, இரத்தம் சொட்டும் கட்டியைப் பலர் பார்த்திருப்பீர்கள். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் ஏதோ ஒரு நாயில் தோன்றிய புற்றணுக்களே இனச்சேர்க்கையின் வழியாக ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குத் தாவி இன்றுவரை வாழ்ந்துவருகின்றன. வின்கிரிஸ்டின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறை வீதம் சில வாரங்கள் ஊசியாகச் செலுத்தினால் பெரும்பாலான நாய்கள் குணமடைகின்றன. மருந்துக்கு மசியாத கட்டி கதிர்வீச்சுக்கு நன்றாகவே மசிகிறது. யாருக்கும் சொந்தமில்லாத நாய்க்கும் பயன்படும்போதுதான் அது பொதுமருத்துவம்.

இன்றே நம் கையில் இருப்பவை

அந்தப் பிரிவு வரும்வரை நாம் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. துல்லியக் கருவியைவிட அதிக உயிர்களைக் காக்கக்கூடியது, காலத்தே கண்டறிதல்.

மாதம் ஒருமுறை உங்கள் நாயையோ பூனையையோ தலைமுதல் வால்வரை தடவிப் பாருங்கள். வாயைத் திறந்து ஈறுகளைப் பாருங்கள். புதிய கட்டி, ஆறாத புண், ஒரே மூக்குத் துளையிலிருந்து வரும் இரத்தம், காரணமில்லாத நொண்டல், உடல் மெலிவு ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். கட்டியின் மேல் சுண்ணாம்போ பச்சிலையோ அப்பிக் காலத்தை வீணாக்க வேண்டாம். ஊசியால் உறிஞ்சியோ 'பயாப்சி' எடுத்தோ பரிசோதிக்காமல் எந்தக் கட்டியையும் "வெறும் கொழுப்பு" என்று தீர்மானிக்க இயலாது.

பெண் நாய்க்கு முதல் பருவத்திற்கு முன்னரோ, முதல் இரண்டு பருவங்களுக்குள்ளோ கருத்தடை அறுவை செய்தால் மார்புப் புற்றுநோயின் வாய்ப்பு பெரிதும் குறைகிறது. செய்ய உகந்த வயதை இனத்திற்கேற்ப மருத்துவர் சொல்வார். பூனையின் மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோயாகவே இருக்கும். அதில் ஒரு வாரத் தாமதமும் கூடாது. வெள்ளைப் பூனைகளின் காது நுனியிலும் மூக்கிலும் நம் ஊர் வெயில் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்; நண்பகல் வெயிலில் அவற்றை மொட்டைமாடியில் விடாதீர்கள்.

நோய் உறுதியானால் மருத்துவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, வலி தணிக்கவா? அது கொடுக்கும் காலத்தில் என் நாய் உண்டு, உறங்கி, வாலாட்டி இருக்குமா? எந்த நிலையில் நிறுத்த வேண்டும்? இவற்றுக்குத் தெளிவான பதில் கிடைத்த பின்னர் பணத்தைப் பற்றி முடிவெடுங்கள். வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருக்கும்போது அவருக்கென வைத்த பணத்தை எடுத்து நாய்க்குச் செலவிட முடியாமல் போனால், அதற்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ள வேண்டாம். வலியின்றி வைத்திருந்து, வேளை வந்தபோது அமைதியாக வழியனுப்புவதும் சிகிச்சைதான்.

எங்கள் நோயாளிகளுக்கு ஒரு குறிப்பு. வெளியிலிருந்து செலுத்தும் கதிர்வீச்சு உங்கள் உடலில் தங்குவதில்லை. வீடு திரும்பியதும் உங்கள் நாயைத் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். கதிரியக்க அயோடின் பெற்றவர்கள் மட்டும், மனிதரிடம் காக்கும் இடைவெளியைச் சொல்லப்பட்ட நாட்கள்வரை விலங்கிடமும் காக்க வேண்டும். உங்கள் நாய்க்கு வின்கிரிஸ்டின் போன்ற மருந்து நடந்தால், அதன் சிறுநீரையும் மலத்தையும் கையுறை அணிந்து அகற்றுங்கள். கர்ப்பிணிகளும், எதிர்ப்பாற்றல் குறைந்த நிலையில் இருப்பவர்களும் அந்த வேலையைச் செய்யவே கூடாது.

அந்தப் பெரியவரின் மனைவி தம் சிகிச்சையை நல்லபடியாக முடித்தார். நாய் அதற்குள் இறந்துவிட்டது. வலி தணிக்கும் மருந்தில் கடைசி வாரங்களை ஓரளவு நிம்மதியாகக் கழித்தது என்று அவர் சொன்னார். "வழி இருந்தும் செய்யாமல் விட்டோமா என்பதுதான் உறுத்துகிறது" என்றார். அவருக்கு வழி இருக்கவில்லை. அடுத்து வருபவருக்காவது அது இருக்க வேண்டும். அதற்காக நாங்கள் எங்கள் துறையில் குரல் கொடுப்போம். நீங்களும் உங்கள் மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேளுங்கள். எங்கள் கூடத்திலும் உங்கள் நாயைப் பற்றியோ பூனையைப் பற்றியோ கேட்க வேண்டியிருந்தால், சுற்றுமுற்றும் பார்க்காமல் கேளுங்கள்.